சாய்ந்த எழுத்தும் உருண்ட முனையும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சில வாரங்களாகத் தங்கள் ஞாயிறு இணைப்பில் கட்டுரைகளின் முகப்புப் பத்திகள் முழுவதும் வலப்புறம் சாய்ந்த, முனை உருண்ட எழுத்தில் அச்சாகி வருகின்றன. பாலிடெக்னிக்கில் பொறியியல் வரைபடம் கற்பித்து ஓய்வுபெற்றவன் என்ற முறையில் அதுபற்றிச் சிலவற்றைக் கூற விரும்புகிறேன்.

குஞ்சமில்லாத (அதாவது கோட்டின் நுனிகளில் சிறு அலங்காரக் கோடு இல்லாத), ஒரே பருமனுள்ள, முனை உருண்ட சாய்வெழுத்து வரைபட மேசையில் அலங்காரத்துக்காகப் பிறந்ததன்று. மை நிரப்பிய குழல்முனைப் பேனாவை ஸ்டென்சில் தகட்டின் துளை வழியே ஓட்டினால், கோடு தொடங்குமிடமும் முடியுமிடமும் தாமாகவே வட்டமாகும். பேனாவின் முனை வட்டமானது, அவ்வளவுதான். வரைபட எழுத்துகளுக்கான பன்னாட்டுத் தரநிலையான ஐ.எஸ்.ஓ. 3098 இந்த எழுத்தை நேராகவோ, கிடைக்கோட்டுக்கு 75 பாகையில் சாய்த்தோ எழுத இடம் தருகிறது. அதன் ‘பி’ வகையில் கோட்டின் பருமன் எழுத்தின் உயரத்தில் பத்தில் ஒரு பங்கு: 3.5 மி.மீ. எழுத்துக்கு 0.35 மி.மீ. பேனா, 5 மி.மீ. எழுத்துக்கு 0.5 மி.மீ. பேனா. உயரங்கள் 2.5, 3.5, 5, 7, 10 என்று ஏறுவதும் தற்செயலன்று. ஒவ்வொன்றும் முந்தையதைப்போல் ஏறத்தாழ 1.4 மடங்கு, ஏ4 தாள் ஏ3 ஆகும்போது பக்கங்கள் வளர்வதும் அதே விகிதத்தில்தான். ஆகவே பெரிதாக்கிய படத்திலும் எழுத்து ஒரு தர அளவிலேயே வந்து நிற்கும்; அதைத் திருத்துவதற்கான பேனாவும் கைவசம் இருக்கும். இதை முதன்முறை புரிந்துகொள்ளும் மாணவரின் முகத்தைப் பார்ப்பது எனக்கு ஒருநாளும் அலுத்ததில்லை.

சாய்வுக்கும் காரணம் உண்டு. கையால் எழுதுகையில் நிமிர்ந்த கோடு சற்றுப் பிசகினாலும் கண்ணை உறுத்தும். சாய்ந்த கோட்டில் அதே பிசகு அவ்வளவாகத் தெரியாது. அளவுகளுக்கும் சிறு குறிப்புகளுக்கும் அந்த எழுத்து மிகப் பொருத்தமானது. உருண்ட முனையை விரும்பியே வடிவமாக்கியவர்களும் உண்டு. வோக்ஸ்வேகன் நிறுவனத்துக்காக 1979-இல் உருவான ‘வாக் ரவுண்டட்’ என்ற எழுத்துரு அத்தகையது. பெயர்ப்பலகையிலும் தலைப்பிலும் அது நன்றாகவே நிற்கும். நீண்ட பத்திக்கு அதுவும் ஏற்றதென்று எனக்குத் தோன்றவில்லை.

தமிழுக்கு வருமுன் ஓர் ஒப்பீடு. 1501-இல் வெனிஸ் நகரில் ஆல்டஸ் மனூஷியஸ் அச்சிட்ட, ரோமானியக் கவிஞர் வர்ஜிலின் நூலில் உள்ள சாய்வெழுத்து, அக்காலக் கையெழுத்தைப் பின்பற்றித் தனியாக வெட்டப்பட்டது. தங்கள் இணைப்பில் காண்பதோ தமிழ் நேரெழுத்தைக் கணினி அப்படியே சரித்துவிட்ட வடிவமாகத் தெரிகிறது. ரகரத்தையும் துணைக்காலையும் பிரித்துக் காட்டுவது அடியில் இடப்பக்கமாக இறங்கும் ஒரு சிறு கோடுதான். துணைக்காலையே சாய்த்து, அதன் முனையையும் உருட்டிவிட்டால், சிறிய எழுத்தில் இரண்டுக்கும் வேறுபாடு மங்கிவிடுகிறது. மெய்யெழுத்தின் புள்ளியும் வலப்புறம் நகர்ந்து, அடுத்த எழுத்தின் தலையில் ஏறப்பார்க்கிறது.

அட்டவணை, படக்குறிப்பு ஆகியவற்றின் எண்களுக்கு இந்த எழுத்தை வைத்துக்கொள்ளுங்கள், எனக்கு மறுப்பில்லை. பத்திகளை மட்டும் நேரெழுத்துக்குத் திருப்பி, அழுத்தம் வேண்டுமிடத்தில் தடித்த எழுத்தைப் பயன்படுத்துமாறு கேட்டுக்கொள்கிறேன். சென்ற வாரம் ‘பாரம்’ என்ற மூன்றெழுத்துச் சொல்லை, புதுக் கண்ணாடி அணிந்தும், நான் இருமுறை படிக்க வேண்டியிருந்தது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பொறியியல் வரைபட விரிவுரையாளர்,
கோயம்புத்தூர்