மாத்திரையை மறுங்கள், சிரிஞ்சை மறுக்காதீர்கள்: மருந்துக்கடைக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மருந்துக்கடை உரிமையாளர்களுக்கும் மருந்தாளுநர்களுக்கும்,

வணக்கம். வடசென்னையில் இருபத்தாறு ஆண்டுகள் கடை நடத்திவிட்டு, இரண்டாண்டுகளுக்கு முன் மகனிடம் சாவியைக் கொடுத்தவன் நான். கல்லாவுக்குப் பின்னால் நின்றவன் என்ற உரிமையில் எழுதுகிறேன்.

"இடுப்பு வலி அண்ணா" என்று பத்தொன்பது வயதுப் பையன் வந்து நிற்பான். மருத்துவர் சீட்டு இருக்காது. மருந்தின் பெயரோடு மில்லிகிராமையும் சேர்த்துச் சொல்வான். உண்மையான வலிக்காரருக்கு மாத்திரையின் நிறம்தான் நினைவிருக்கும். போதைக்குத்தான் கேட்கிறான் என்று அந்த நொடியே நமக்கு விளங்கிவிடும். விளங்கவில்லை என்று நம்மில் யாராவது சொன்னால் நான் நம்பமாட்டேன்.

டிரமடால் என்ற வலி மருந்தை 2018இல் போதைப்பொருள் சட்டத்தின்கீழ் கொண்டுவந்தார்கள். பிறகு பையன்களின் வாயில் டேபென்டடால் புழங்கத் தொடங்கியது. கடும் வலிக்கான, அபின் வகையைச் சேர்ந்த மருந்து அது. விழுங்கும் மாத்திரையில் டால்க் போன்ற கரையாத பொருள்கள் இருப்பதை நாம் அறிவோம். அதைக் கரைத்து ஊசியால் நரம்பில் ஏற்றினால் துகள்கள் ரத்தக்குழாயை அடைக்கும், நுரையீரலில் தங்கும். கை வீங்கிச் சீழ் பிடிக்கும். அளவு மிஞ்சினால் மூச்சு மெல்ல மெல்ல அடங்கும். அசந்து தூங்குகிறான் என்றே வீட்டில் நினைத்துக்கொண்டிருப்பார்கள். ஊசிவழிப் போதைக்கு ஆளானவர்கள் நாட்டில் சுமார் 8.5 லட்சம் பேர் என்று எய்ம்ஸ் மருத்துவர்கள் நடத்திய ஆய்வு 2019இல் சொன்னது.

"நாம் மறுத்தால் கூரியரில் வரவழைத்துக்கொள்வான்" என்பீர்கள். வரவழைப்பான்தான். மறுத்ததற்காக என் கடை ஷட்டரில் ஒருமுறை செங்கல் விழுந்தது. அந்தப் பயமும் எனக்குத் தெரியும். ஆனால் ஓர் அட்டைக்கு நாலு மடங்கு விலை வாங்கிக்கொண்டு பில் போடாமல் கொடுக்கிறவர் பயந்தா கொடுக்கிறார்?

மருத்துவர் சீட்டின்றி விற்கக்கூடாத எச்1 பட்டியல் மருந்துகளுக்கு 2014 முதல் தனிப் பதிவேடு உண்டு. மருத்துவர் பெயர், நோயாளி பெயர், மருந்து, அளவு எல்லாம் எழுதி மூன்றாண்டு வைத்திருக்க வேண்டும். பல கடைகளில் ஆய்வாளர் வரப்போகும் வாரத்தில்தான் அது ஒரே பேனாவால், ஒரே மூச்சில் நிரம்புகிறது. என் கடையிலும் சில மாதங்கள் அப்படி நடந்திருக்கிறது. வெட்கத்தோடுதான் சொல்கிறேன்.

இன்னொன்று, உங்களில் பலருக்குப் பிடிக்காது. மாத்திரையை மறுக்கும் நல்லவர்கள் சிரிஞ்சையும் சேர்த்து மறுக்கிறார்கள். அது தவறு. கிடைக்காவிட்டால் நாலு பேர் ஒரே ஊசியைப் போட்டுக்கொள்வார்கள். கல்லீரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் சி, எச்ஐவி இரண்டும் அப்படித்தான் பரவுகின்றன. தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்திலேயே இவர்களுக்குப் புது ஊசி கொடுக்கும் ஏற்பாடு இருக்கிறது. அரசு கொடுப்பதை நாம் விற்றால் என்ன குறைந்துவிடும்?

சிரிஞ்சைக் கொடுக்கும்போது ஒரு வார்த்தை பேசுங்கள். கொட்டாவி, மூக்கொழுகல், கால் குடைச்சல், தூக்கமின்மை என்று அவன் தவிப்பது திமிரால் அல்ல; மருந்து நின்றால் உடம்பு அப்படித்தான் கேட்கும். பியூப்ரெனார்பின் கொடுத்து மருத்துவர்கள் அதைத் தணிக்க முடியும். போதை மீட்புக்கான 14446 என்ற இலவச உதவி எண்ணை ஒரு தாளில் எழுதி, அவன் கண்ணில் படும் இடத்தில் ஒட்டிவையுங்கள்.

அடுத்த சங்கக் கூட்டத்துக்கு ஒவ்வொருவரும் பதிவேட்டைக் கையோடு எடுத்து வாருங்கள். என்னுடையதையும் கொண்டுவருகிறேன், அந்த ஒரே பேனாப் பக்கங்களைக் கிழிக்காமல்.

இப்படிக்கு,
உங்களில் ஒருவன்