கிராஃபிக்ஸ் கார்டின் முழுப் பெயரை பில்லில் எழுதுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கேம் விளையாட, தொலைக்காட்சியில் இணைக்கும் கன்சோல் பெட்டியைவிடக் கணினிதான் மேல், படம் அதில்தான் தெளிவாக இருக்கும் என்று ஞாயிறு பதிப்பில் ஒரு வாசகர் எழுதியிருந்தார். திரையில் படத்தை வரைந்து காட்டும் பாகமான கிராஃபிக்ஸ் கார்டு நல்லதாகப் போட்ட கணினி என்றால் அவர் சொல்வது சரி. ஆனால் சுங்கை சிப்புட்டில் கணினி பழுதுபார்க்கும் கடை நடத்துகிறவன் நான். தோட்டப்புறப் பிள்ளைகளுக்குப் பெற்றோர் வாங்கித் தரும் கணினிகள் பலவற்றில் அந்த நல்ல கார்டு இருப்பதே இல்லை.

எல்பில் தோட்டத்துப் பக்கமிருந்து ஓர் அம்மா, படிவம் 4 படிக்கும் மகனோடு கடைக்கு வந்தார். செம்பனைக் குலை வெட்டும் கணவர், ஓய்வு நாளிலும் வேலைக்குப் போய்ச் சேர்த்த பணத்தில் வாங்கிய கணினி. வெளியூர்க் கடை ஒன்றில் 'கேமிங் பிசி' என்று சொல்லி விற்றிருக்கிறார்கள். முன்பக்கம் கண்ணாடி, உள்ளே ஊதா விளக்கு எரியும் காற்றாடிகள். "அண்ணே, கேம் விட்டு விட்டு ஓடுதாம், இவன் சாப்பிடாமக்கூட உக்காந்திருக்கான்" என்றார். பில்லை வாங்கிப் பார்த்தேன். 'கிராஃபிக்ஸ் கார்டு 2ஜிபி' என்று மட்டும் இருந்தது. ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருளை ஓட்டி, நினைவக வகை காட்டும் வரியைப் பையனிடம் காட்டினேன். கார்டின் பெயர் ஜிடி 1030, நினைவக வகை டிடிஆர்4.

இந்தக் கார்டு 2017இல் ஜிடிடிஆர்5 நினைவகத்தோடு வந்தது. அதில் விநாடிக்கு 48 ஜிகாபைட் தரவு போய் வரும். 2018இல் அதே ஜிடி 1030 என்ற பெயரிலேயே டிடிஆர்4 வகையும் சந்தைக்கு வந்தது. அதில் 16.8 ஜிகாபைட்தான். இரண்டுமே 2ஜிபி. பெட்டியில் இருக்கும் சின்ன எழுத்தைப் படிக்காமல் வித்தியாசம் தெரியாது. கேமில் போட்டுப் பார்த்தால் உடனே தெரிந்துவிடும். குடும்பம் கடைக்குத் திரும்பிப் போனபோது, "கார்டு இருக்கிறதே, அப்புறம் என்ன?" என்று கேட்டு அனுப்பிவிட்டார்கள். இதை எழுதும்போதும் எனக்குக் கோபம் வருகிறது.

'படம் எப்படி இருந்தால் என்ன, விளையாட்டுதானே' என்று பெரியவர்கள் ஒதுக்குவதையும் நான் ஏற்கவில்லை. விநாடிக்கு 60 படம் என்றால் ஒரு படத்துக்கு 16.7 மில்லிவிநாடி. 30 என்றால் 33.3. அந்த இடைவெளி சீராக இருந்தால் கண் பழகிக்கொள்ளும். ஒன்று சீக்கிரம், அடுத்தது தாமதம் என்று வந்தால் பந்து இருக்கும் இடமே பிடிபடாது, கையும் பிந்தும். படத்தின் தரம் என்று பேசும்போது நான் முதலில் பார்ப்பது இந்தச் சீரைத்தான், 4கே என்ற எண்ணை அல்ல. 4கே திரையில் சுமார் 83 இலட்சம் புள்ளிகள், 1080பி திரையில் சுமார் 21 இலட்சம். நான்கு மடங்கு புள்ளிகளை வரைய கார்டுக்கும் அத்தனை பலம் வேண்டும். நம் வீடுகளில் இருக்கும் 32 அங்குலத் தொலைக்காட்சிகள் பலவற்றில் 1366க்கு 768 புள்ளிகள்தான் உண்டு. அதில் 4கே எங்கே தெரியப் போகிறது?

கன்சோலில் இந்த ஏமாற்று நடக்காது. 2020இல் வந்த பிளேஸ்டேஷன் 5ஐ ஈப்போவில் வாங்கினாலும் தோக்கியோவில் வாங்கினாலும் கிராஃபிக்ஸ் பலம் ஒன்றேதான். கேம் செய்கிறவர்கள் அந்த ஒரே பலத்தை வைத்துச் சோதித்து வெளியிடுகிறார்கள். தெளிவு வேண்டுமா, வேகம் வேண்டுமா என்று பல கேம்களே கேட்கும். வெறும் விளையாட்டுக்கு மட்டும் என்றால், விவரம் தெரியாத பெற்றோரிடம் கன்சோலையே வாங்கச் சொல்கிறேன். கணினி விற்றால்தான் எனக்கு வேலை வரும், இருந்தாலும் அதைத்தான் சொல்கிறேன்.

ஆனால் கணினியை விட்டுவிடவும் மனமில்லை. முப்பரிமாண உருவங்கள் செய்யும் பிளெண்டர் மென்பொருளை இலவசமாக இறக்கி ஒரு பிள்ளை தானே உருவம் செய்து பார்க்கலாம். ஸ்டார்கிராஃப்ட் விளையாட்டு 2017இல் புதுப்பிக்கப்பட்டபோது அதன் ஓவிய வேலையில் ஷா ஆலாமில் உள்ள லெமன் ஸ்கை நிறுவனத்துக்குப் பங்கு இருந்தது. அந்த வேலைக்கு நம் தோட்டத்துப் பிள்ளை ஏன் போகக்கூடாது?

அதனால்தான் கேட்கிறேன். கணினி விற்கும் கடைக்காரர்கள் கார்டின் முழுப் பெயர், நினைவக வகை, அளவு மூன்றையும் பில்லில் எழுத வேண்டும். ரேம் என்ற கணினி நினைவகப் பலகை ஒன்றா, ஜோடியா என்பதையும் சேர்த்து எழுதினால் நல்லது, தனிக் கார்டு இல்லாத கணினியில் அது பெரிய வித்தியாசம். ஏமாந்தவர்கள் பேசாமல் இருக்க வேண்டாம். 1999ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் இயங்கும் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 50,000 வெள்ளி (ரிங்கிட்) வரை கோரலாம். மனுக் கட்டணம் 5 வெள்ளி. வழக்கறிஞர் தேவையில்லை. அந்த அம்மாவுக்கும் இதைச் சொல்லி அனுப்பியிருக்கிறேன், பில்லையும் பெட்டியையும் பத்திரமாக வைத்திருக்கிறார். உங்கள் மாணவர் பக்கத்தில் கணினி வாங்குவோருக்கு ஒரு வழிகாட்டியைத் தமிழில் போட்டால் எங்கள் ஊர்ப் பெற்றோருக்குப் பெரிய உதவியாக இருக்கும். விவரங்களைத் தொகுத்துத் தர நான் தயார்.

இப்படிக்கு,
கணினி பழுதுபார்ப்பவர்,
சுங்கை சிப்புட், பேராக்