ஆஸ்பத்திரிக் குழுவில் சேர்ந்துவிட்டேன்

அன்புள்ள தோழிக்கு,

நலம். வீட்டிலும் எல்லோரும் நலம். உன் மாமியாருக்குக் கையில் வீக்கம் வடிந்ததா? நம் 'கடைசி பஸ்' பாட்டியாகிவிட்டாளாமே! பேத்தியாவது நேரத்துக்கு வந்து சேர்ந்தாளா?

சொல்ல வந்த செய்தி வேறு. ஆஸ்பத்திரியில் நோயாளிகள் ஆலோசனைக் குழு ஒன்று இருக்கிறது. அதில் தன்னார்வலராகச் சேர்ந்திருக்கிறேன். ஹாஸ்டல் வார்டனையே கேள்வி கேட்டவளுக்கு ஏற்ற இடம் என்று நீ சொல்லப்போவது தெரியும். சம்பளம் கிடையாது. வைத்தியம் சொல்லக்கூடாது, யாருடைய நோய்க்குறிப்பையும் புரட்டக்கூடாது. உள்ளே கேட்டதை வெளியே பேசமாட்டேன் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஆஸ்பத்திரி எடுக்கும் முடிவுகள், கட்டிலில் படுத்திருப்பவரையும் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரையும் என்ன பாடுபடுத்துகின்றன என்று எடுத்துச் சொல்வதுதான் வேலை.

முதலில் எங்கள் கைக்கு வந்தது டிஸ்சார்ஜ் சீட்டு. அப்பாவை வீட்டுக்கு அழைத்து வந்த அன்று இரவு, இப்படி ஒரு சீட்டை நான் போனில் வாசிக்க, நீ எழுதிக்கொண்டாயே, நினைவிருக்கிறதா? ஒரு மாத்திரைக்கு எதிரில் 'தேவைப்பட்டால்' என்று இருக்கிறது. எப்போது தேவைப்படும், ஒரு நாளைக்கு எத்தனை தரலாம், எதைக் கண்டால் உடனே ஓடி வர வேண்டும்? ஒன்றும் இல்லை. இரவில் யாரைக் கூப்பிடுவது என்பது கடைசிப் பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் கிடக்கிறது. அந்த எண்ணை முதல் பக்கத்தின் தலையில் பெரிதாகப் போடச் சொன்னோம், போட்டுவிட்டார்கள். இன்னொன்றும் கேட்டோம். 'புரிந்ததா?' என்று நர்ஸ் கேட்டால் யாராக இருந்தாலும் தலையை ஆட்டிவிடுவார்கள். அதற்குப் பதிலாக, 'வீட்டுக்குப் போய் இந்த மாத்திரையை எப்படிக் கொடுப்பீர்கள், எனக்குச் சொல்லுங்கள் பார்ப்போம்' என்று கேட்டால், விளக்கியதில் எங்கே ஓட்டை என்று அங்கேயே தெரிந்துவிடும். ஒரு வார்டில் தொடங்கியிருக்கிறார்கள். எனக்கு அன்று தூக்கம் வரவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

ஆனால் ஒரு கவலை என்னை அரிக்கிறது. மேசையைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறவர்களைப் பார்க்கிறேன். எல்லோரும் படித்தவர்கள், ஓய்வு பெற்றவர்கள், வாரநாளில் பகல் பதினொரு மணிக்கு வந்து உட்கார முடிந்தவர்கள். அந்த நேரத்தில் வெளிநோயாளிகள் பிரிவில் வரிசையில் நிற்பவர்களில் ஒருவர்கூட மேசையில் இல்லை. ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுக் கூட்டத்துக்கு வா என்றால் யார் வருவார்கள்? தங்கள் நலவாழ்வைத் திட்டமிடுவதில் பங்கேற்பது மக்களின் உரிமை, கடமையும்கூட என்று 1978-இலேயே உலக நாடுகள் கூடி வெளியிட்ட அல்மா அட்டா பிரகடனம் சொல்லிவிட்டது. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலம் 2008-இல் சட்டமே போட்டு, ஒவ்வொரு மருத்துவமனையிலும் இப்படி ஒரு குழு இருக்க வேண்டும் என்றது. காகிதத்தில் குறையே இல்லை. நாற்காலியில் யார் உட்காருகிறார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

ஷெர்ரி ஆர்ன்ஸ்டைன் என்ற அமெரிக்கப் பெண்மணி 1969-இல் மக்கள் பங்கேற்பை எட்டுப் படிகள் கொண்ட ஏணியாக வரைந்து காட்டினார். கருத்துக் கேட்பது அதில் நாலாவது படிதான். கேட்பதோடு நின்றுவிட்டால் அது வெறும் ஒப்புக்கு என்று அவர் கருதினார். கூட்டாளியாகச் சேர்ந்து முடிவெடுப்பது ஆறாவது படி. நாங்கள் இப்போது நாலுக்கும் ஆறுக்கும் நடுவில் நிற்கிறோம். டிஸ்சார்ஜ் சீட்டில் எங்கள் பேச்சு எடுபட்டது. பார்வையாளர் நேரத்தைக் குறைத்தபோதோ, முடிவெடுத்து அறிவிப்புப் பலகையில் ஒட்டிய பிறகு எங்களிடம் 'கருத்து' கேட்டார்கள். பதில் சொல்ல மறுத்துவிட்டேன். அடுத்த முறை ஒட்டுவதற்கு முன்பு கேளுங்கள் என்றேன். தலைமை மருத்துவர் முகம் சுருங்கியது, ஆனாலும் குறித்துக்கொண்டார்.

இப்போது மூன்று கோரிக்கைகளை எழுத்தில் கொடுத்திருக்கிறேன். கூட்டங்களில் சிலவற்றையாவது மாலையில் வைக்க வேண்டும். வருபவர்களுக்குப் பயணச் செலவும், இழக்கும் கூலியும் தர வேண்டும். வர முடியாதவர்களிடம் நாங்களே போக வேண்டும்: காத்திருக்கும் இடத்தில் பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்து பேசிக் கேட்க வேண்டும். கூலி விஷயத்தில் இழுக்கிறார்கள். நான் விடுவதாக இல்லை.

உன் பக்கத்து ஆஸ்பத்திரியிலும் குழு இருக்கிறதா என்று விசாரி. இல்லையென்றால் ஏன் இல்லை என்று கேள். வாரத்துக்கு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் நாலு மணி நேரம் டயாலிசிஸ் கட்டிலின் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாய். உனக்குத் தெரிந்ததில் பாதிகூட இந்த மேசையில் யாருக்கும் தெரியாது. 'நான் என்ன படித்திருக்கிறேன்' என்று மட்டும் ஆரம்பிக்காதே, எனக்குக் கோபம் வரும்.

உடனே ஓர் உதவி வேண்டும். அடுத்த கூட்டத்துக்குப் புதிய வெளிநோயாளிகள் கட்டடத்தின் வரைபடம் வருகிறது. இன்னும் அஸ்திவாரம் தோண்டவில்லை, மாற்றலாம். சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போகையில் எங்கெங்கே இடிக்கிறது, கழிப்பறைக் கதவு எந்தப் பக்கம் திறந்தால் வசதி, கூட வருபவர் உட்கார எங்கே இடம் வேண்டும் என்று எழுதி அனுப்பு. உன் பெயரைப் போட்டே படிப்பேன்.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழி