பழைய ஃபிலிம் கேமராவுக்கு எந்த ஸ்டாண்டர்ட் லென்ஸ்? வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு, காரைக்குடியிலிருந்து வணக்கம்.

"எங்க ஐயா சிங்கப்பூர்லேருந்து கொண்டாந்தது தம்பி. பாடி நல்லாத்தான் இருக்கு, லென்ஸ்தான் வெள்ளை பூத்துப் போச்சு. வேற எதைப் போடலாம்?" என்று தோல் உறையோடு கேமராவைக் கொண்டுவந்து மேசையில் வைப்பவர்கள் இப்போது கூடிவிட்டார்கள். பினாங்கு, ரங்கூன், கொழும்பு என்று போய்வந்த குடும்பங்கள் இருக்கும் ஊர் இது. பெட்டியைத் திறந்தால் ஒரு பென்டாக்ஸோ யாஷிகாவோ கிடைப்பதில் ஆச்சரியமில்லை. எல்லோரோடும் உட்கார்ந்து பேச ஆசைதான், ஆனால் சர்வீஸ் வேலை தேங்கிப் போகிறது. அதனால்தான் இந்த மடல்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் பாடியோடு அந்தக் காலத்தில் கம்பெனியே சேர்த்து விற்ற 50 மி.மீ. எஃப் 1.8 அல்லது எஃப் 2 லென்ஸ், கண்ணாடி சுத்தமாக இருந்தால் போதும். எஃப் எண் குறையக் குறைய லென்ஸின் வாய் பெரிது, வெளிச்சம் கூடுதலாக உள்ளே வரும். ஆனால் எஃப் 1.4 கேட்டு வருபவர்களில் பாதிப் பேருக்கு மேல் அது தேவையே இல்லை. விலை கூடிய சரக்கை வேண்டாம் என்று சொல்லும் கடைக்காரனை எங்கள் வீட்டிலும் யாரும் மெச்சுவதில்லை. இருந்தாலும் காரணத்தைக் கேளுங்கள்.

35 மி.மீ. ஃபிலிமில் ஒரு படத்தின் அளவு 24க்கு 36 மி.மீ. அதன் மூலைவிட்டம் ஏறக்குறைய 43 மி.மீ. லென்ஸின் குவியத் தூரம் (50 மி.மீ. என்று சொல்வது இதைத்தான்) இதை ஒட்டியிருந்தால் படம் அகலமாகவும் தெரியாது, கிட்டே இழுத்த மாதிரியும் தெரியாது. 1925இல் வந்த முதல் லைக்காவிலேயே 50 மி.மீ.தான் இருந்தது, அந்தப் பழக்கம் அப்படியே நிலைத்துவிட்டது. லென்ஸ் வழியாகவே பார்த்து எடுக்கும் எஸ்.எல்.ஆர். கேமரா வந்தபோது ஒரு சிக்கல். லென்ஸுக்கும் ஃபிலிமுக்கும் நடுவே, காட்சியை நம் கண்ணுக்குத் திருப்பிக் காட்டும் கண்ணாடி ஒன்று மேலே எழும்ப இடம் விட வேண்டும். அந்த இடைவெளியை வைத்துக்கொண்டு, வெளிச்சம் நிறைய வாங்கும் 50 மி.மீ. லென்ஸ் செய்வது ஆரம்பத்தில் சுலபமாக இல்லை. அதனால்தான் பழைய செட்டுகளில் 55, 58 என்று பார்க்கிறீர்கள். ரஷ்ய கேமராவான ஜெனிட் ஈ-யில் வரும் ஹீலியாஸ் 44-2 ஒரு 58 மி.மீ. எஃப் 2. ஜெர்மனியின் பயோட்டார் லென்ஸைப் பார்த்து ரஷ்யாவில் செய்தது.

50க்கும் 58க்கும் எட்டு மில்லிமீட்டர்தானே என்று நினைக்க வேண்டாம், நம்ம ஊர் வீடுகளில் அது தெரியும். கேமராவைப் படுக்கை வாட்டில் பிடித்து, பத்தடி தூரத்தில் நிற்கிறவரை எடுக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். 50 மி.மீ.யில் அகலம் ஏழடிக்குச் சற்று மேல் வரும். 58இல் ஆறடிதான். 40 மி.மீ. லென்ஸ் கிடைத்தால் ஒன்பதடி. வளவைச் சுற்றியுள்ள தாழ்வாரத்தில் பின்னால் தூண், முன்னால் முற்றம் என்று நீங்கள் மாட்டிக்கொண்டு நிற்கும்போது அந்த ஓரடி பெரிய விஷயம். குடும்பப் படம் எடுத்தால் ஓரத்து மருமகன் வெட்டுப்பட்டுவிடுவார்.

அதற்காக வீட்டு முகப்பு முழுவதும் 50இல் அடங்கிவிடும் என்று எதிர்பார்க்கவும் வேண்டாம். கானாடுகாத்தானில் நூறடி அகல முகப்பு ஒன்றை முழுசாக எடுக்க ஏறக்குறைய 140 அடி தள்ளி நிற்க வேண்டும். தெருவைத் தாண்டி எதிர்வீட்டுக்குள்ளே போய்விடுவீர்கள். அந்த வேலைக்கு 28 மி.மீ. வேண்டும், அது தனிக் கதை. கதவு நிலையில் இருக்கும் செதுக்கல், பர்மாத் தேக்குத் தூண், ஆத்தங்குடிக் கல்லின் பூ வேலை, திண்ணையில் சாய்ந்திருக்கும் ஆச்சி, இதற்கெல்லாம் 50தான் சரி. அப்புறம், சிராவயல் மஞ்சுவிரட்டுக்கு 50 மட்டும் எடுத்துக்கொண்டு போகாதீர்கள். மாடு படத்தை நிறைக்கும் அளவுக்குக் கிட்டே இருந்தால் நீங்கள் அங்கே இருக்கக் கூடாது.

சரி, 1.4 பற்றி. எஃப் 2இலிருந்து எஃப் 1.4க்கு ஒரு ஸ்டாப், அதாவது இரண்டு மடங்கு வெளிச்சம். 1.8இலிருந்து 1.4க்கு முக்கால் ஸ்டாப்கூட முழுசாக இல்லை. நம்ம பக்கம் சித்திரை வெயிலில் 400 ஐ.எஸ்.ஓ. (ஃபிலிம் வெளிச்சத்தை வாங்கும் வேகம்) ரோல் போட்டால் எஃப் 16க்கு 1/500 நொடி ஷட்டர் வரும். அதே வெளிச்சத்தில் 1.4 திறந்து எடுக்க 1/64000 வேண்டும். பென்டாக்ஸ் கே1000இன் உச்ச வேகம் 1/1000. ஆக வெளியே நிற்கும்போது உங்கள் 1.4 பகல் முழுக்க எஃப் 11, எஃப் 16 என்றுதான் கிடக்கும், அதற்குக் கொடுத்த காசு பையில் தூங்கும்.

உள்ளே வந்தால்? பகலில் வளவு முற்றத்திலிருந்து விழும் வெளிச்சத்துக்கும், சுண்ணாம்பு மெருகிட்ட வெள்ளைச் சுவர்கள் திருப்பி அனுப்பும் வெளிச்சத்துக்கும் 400 ரோல், எஃப் 2, 1/125 பெரும்பாலும் கிடைத்துவிடும். கை ஆடாமல் எடுக்கலாம்.

1.4 நிஜமாகவே வேலைக்கு ஆகும் இடம் ஒன்று இருக்கிறது. பிள்ளையார் நோன்பன்று இரவு, விளக்கு வெளிச்சத்தில் இழை எடுத்துக்கொள்ளும் நேரம். மாவில் வைத்த திரி எரிய எரிய வாய்க்குப் போகிறது. ஃபிளாஷ் அடித்தால் அந்தச் சுடரே படத்தில் காணாமல் போய்விடும். அங்கே 400 ரோலில் எஃப் 1.4க்கு 1/30 வந்தால், எஃப் 2க்கு 1/15 ஆகிவிடும். 1/30 பழகிய கையில் நிற்கும். 1/15இல் எடுப்பவரும் அசைவார், எடுக்கப்படுபவரும் அசைவார். இப்படிப்பட்ட படங்கள்தான் உங்கள் ஆசை என்றால் தாராளமாக 1.4 வாங்குங்கள், நானே தேடித் தருகிறேன். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: ஒரு மீட்டர் தூரத்தில் 1.4 திறந்தால் கூர்மையாக இருப்பது மூன்று சென்டிமீட்டர் ஆழம்தான். கண் தெளிவாக இருந்தால் காதுத் தோடு மங்கும். ஃபோகஸ் பழகாதவருக்கு அது ரோலைத் தின்னும், ரோல் விற்கிற விலையில்.

இனி மவுண்ட், அதாவது லென்ஸ் பாடியில் மாட்டும் இடம். இதில் தவறினால் லென்ஸ் வெறும் கண்ணாடிக் குண்டுதான்.

பென்டாக்ஸ் ஸ்பாட்மேட்டிக் 1964இல் வந்தது, திருகு மவுண்ட். 42 மி.மீ. விட்டம், எம்42 என்பார்கள். ஜெனிட் ஈ-யும் பல பிராக்டிகாக்களும் இதே திருகுதான். ஒன்றின் லென்ஸ் மற்றதில் ஏறும். 1975இல் பென்டாக்ஸ் கே மவுண்டுக்கு மாறியது. அடுத்த வருஷம் வந்த கே1000, 1997 வரை தயாரிப்பில் இருந்தது. எம்42 லென்ஸை கே பாடியில் அடாப்டர் போட்டு மாட்டலாம், தூரத்துக் கோபுரம் வரை ஃபோகஸ் வரும். ஆனால் அப்பர்ச்சர் (வெளிச்சம் புகும் துளை) தானாக மூடித் திறக்காது, நீங்கள்தான் வளையத்தைத் திருக வேண்டும். அதே எம்42 லென்ஸை நிக்கானில் மாட்ட நினைக்காதீர்கள். நிக்கானில் லென்ஸ் ஃபிலிமிலிருந்து ஒரு மி.மீ. கூடுதலாகத் தள்ளி உட்காரும். உள்ளே லென்ஸ் கண்ணாடி வைத்த அடாப்டர் இல்லாமல் தூரத்துக் காட்சி தெளியாது.

நிக்கான்காரர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. 1977க்கு முந்தைய, ஏ.ஐ. (அப்பர்ச்சர் அளவைப் பாடிக்குச் சொல்லும் நிக்கான் ஏற்பாடு) ஆக்கப்படாத லென்ஸை எஃப்எம்2இல் வலுக்கட்டாயமாக மாட்டாதீர்கள். மவுண்ட் ஓரத்தில் இருக்கும் சின்ன நெம்பு உடையும். மகனுடைய டிஜிட்டல் கேமராவிலிருந்து 50 மி.மீ. 1.8 ஜி லென்ஸைக் கழற்றிக் கொண்டுவருகிறார்கள். அதில் அப்பர்ச்சர் வளையமே கிடையாது. எஃப்எம்2இலோ எஃப்எம்10இலோ போட்டால் ஒவ்வொரு படத்துக்கும் துளை மிகச் சிறிய அளவுக்கே மூடும், படம் இருட்டு. அதற்கு முந்தைய 1.8 டி லென்ஸில் வளையம் உண்டு, அழகாக வேலை செய்யும், நம் நாட்டில் நிறையவும் கிடைக்கிறது. கேனான் ஏஇ-1 வைத்திருப்பவர்கள் எஃப்டி என்று எழுதியதைத்தான் வாங்க வேண்டும், இ.எஃப். ஏறாது. மினோல்டாவுக்கு எம்.சி. அல்லது எம்.டி. ராக்கார், ஒலிம்பஸ் ஓஎம்-1க்கு சுய்க்கோ.

ஜப்பான் கம்பெனிகளின் 50 மி.மீ. 1.8களில் எது உசத்தி என்று கேட்டால் எனக்குப் பதில் இல்லை, எஃப் 5.6இல் எல்லாமே நன்றாக இருக்கும். பென்டாக்ஸ் டகுமார் 55 மி.மீ. எஃப் 1.8 எனக்குப் பிடிக்கும். அதன் ஃபோகஸ் வளையம் சுற்றும் பதம் வேறு எதிலும் இல்லை. 55 எஃப் 2 என்று ஒன்று வரும், மலிவாகவே கிடைக்கும். உள்ளே அதே கண்ணாடிதான், ஒரு வளையத்தால் வாயைக் குறைத்து விற்றது. கூசாமல் வாங்கலாம்.

டகுமார் 50 மி.மீ. 1.4இன் பிந்தைய வகைகளும், சில 55களும் மஞ்சளாகிப் போயிருக்கும். அது அழுக்கு இல்லை. கண்ணாடியில் தோரியம் சேர்த்து வார்த்திருக்கிறார்கள், வருஷக்கணக்கில் நிறம் மாறியிருக்கிறது. புற ஊதா வெளிச்சம் பட்டால் பெரும்பாலும் தெளியும்; வெயிலிலும் தெளியும். ஆனால் மொட்டை மாடியில் மூடியில்லாமல் வைத்துவிட்டுக் கடைக்கு வராதீர்கள். லென்ஸ் வெயிலைக் குவித்து எதையாவது பற்ற வைக்கும், உள்ளே கிரீஸ் இளகி அப்பர்ச்சர் பிளேடில் இறங்கும். எங்களிடம் புற ஊதா விளக்கு இருக்கிறது, சில நாள் விட்டுவிட்டுப் போங்கள். லேசான கதிரியக்கம் உண்டுதான். கேமராவில் மாட்டிப் படம் எடுப்பதற்குப் பயப்பட ஒன்றுமில்லை, கண்ணாடியை உரசித் தேய்க்கவோ உடைக்கவோ மட்டும் கூடாது.

பெயரைவிட நிலைமைதான் முக்கியம் என்று நான் ஓயாமல் சொல்வது இதற்காகத்தான். முனீஸ்வரன் கோவில் தெருவில் பழம்பொருள் கடைகளைப் பார்க்கப் போகிறீர்கள், ஒரு லென்ஸ் கண்ணில் படுகிறது என்றால் பையில் சின்ன டார்ச் இருக்கட்டும். அப்பர்ச்சரை முழுசாகத் திறந்து, பின்பக்கமிருந்து டார்ச் அடித்து, முன்பக்கம் சற்றுச் சாய்த்துப் பாருங்கள். தூசி நாலு புள்ளி இருந்தால் பரவாயில்லை, படத்தில் வராது. ஓரத்திலிருந்து நடுவை நோக்கி வெள்ளை நூல் நூலாகக் கிளை விட்டிருந்தால் அது பூஞ்சை. ஆரம்ப நிலையில் பிரித்துத் துடைத்துவிடலாம். நாள்பட்டதென்றால் மேல்பூச்சை அரித்திருக்கும், துடைத்த பிறகும் தடம் நிற்கும். நூல் இல்லாமல் மொத்தமாகப் புகை படிந்திருந்தால், புரை விழுந்த கண் மாதிரி, வெயிலுக்கு எதிரே எடுத்த படமெல்லாம் வெளிறும். இது பலருக்கு டார்ச் அடிக்காமல் தெரிவதேயில்லை.

அடுத்து, எஃப் 16இல் வைத்து, பின்னால் இருக்கும் சின்ன முள்ளையோ நெம்பையோ விரலால் தட்டுங்கள். பிளேடு சட்டென்று மூடித் திறக்க வேண்டும். சோம்பேறித்தனமாக மெல்ல நகர்ந்தால் எண்ணெய் இறங்கியிருக்கிறது. வெயிலில் எடுத்த படமெல்லாம் வெளிச்சம் கூடி வரும். ஹீலியாஸ் 44-2இல் அந்த முள் இருக்காது, இரண்டு வளையம் இருக்கும். ஃபோகஸ் பண்ணிவிட்டு நீங்களே மூட வேண்டும். நிதானமாக எடுப்பவருக்கு அது சரிப்படும். ஓடும் பேரனை எடுக்க ஆகாது. கடைசியாக ஃபோகஸ் வளையத்தை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை சுற்றுங்கள். இறுகியிருந்தால் கிரீஸ் காய்ந்திருக்கிறது, அது சர்வீஸில் சரியாகும். ஆட்டம் இருந்தால் விட்டுவிடுங்கள்.

வாங்கிய பிறகு தோல் உறையில் போட்டு மரப்பெட்டிக்குள் பூட்டாதீர்கள். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தைத் தோல் பிடித்து வைத்துக்கொள்ளும். ஐயா காலத்து லென்ஸ் வெள்ளை பூத்ததும் அப்படித்தான். சிலிக்கா ஜெல் போட்ட காற்றுப் புகாத டப்பா போதும். அரிசிக்குள் புதைத்து வைக்கச் சொல்கிறார்கள், வேண்டாம், மாவுத்தூள் வளையத்துக்குள் போய்விடும். பாச்சை உருண்டையும் பக்கத்தில் வேண்டாம், அதன் ஆவி கண்ணாடியில் படியும். எல்லாவற்றையும்விட, அவ்வப்போது வெளியே எடுத்துப் படம் எடுங்கள்.

லென்ஸ் பார்க்கக் கடைக்கு வரும்போது பாடியையும் கொண்டுவாருங்கள், உள்ளே ரோல் இல்லாமல். பெயரை மட்டும் ஃபோனில் சொல்லி லென்ஸ் கேட்டால் நான் கொடுக்க மாட்டேன். மாட்டிப் பார்த்து, எஃப் 16 வரை ஷட்டரைத் தட்டிப் பார்த்துத்தான் கையில் தருவது வழக்கம். வெளியூரில் இருப்பவர்கள் மவுண்டை நேராக ஒரு படமும், லென்ஸின் முன்வளையத்தில் உள்ள எழுத்தை ஒரு படமும் எடுத்து அனுப்பினால் போதும். உங்கள் பழைய லென்ஸையும் தூக்கிப் போடாதீர்கள், அதைத்தான் முதலில் பிரித்துப் பார்ப்போம். துடைத்துச் சரியானால் புதிதாக எதுவும் வாங்க வேண்டியிருக்காது.

அன்புடன்,
கேமரா சர்வீஸ் கடையிலிருந்து,
காரைக்குடி