ஆமோஸ் ஏழாம் அதிகாரம் பாக்கி இருக்கு ஐயா

கர்த்தருக்குள் அன்பான ஐயா அவுங்களுக்கு,

ஸ்தோத்திரம். போன செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ரெண்டு பேர் வீட்டுக்கு வந்தாங்க. யாருன்னு சொல்ல மாட்டேன், இதை எங்க சேகரத்துச் சபைகள்ல பாதிப்பேர் படிப்பாங்க, வந்தவுங்களும் படிப்பாங்க. காபி குடிச்சுட்டு ஒரு ஃபைலை எடுத்து டீப்பாய் மேல வச்சாங்க. எங்க சபையில இப்ப போதகரா இருக்கிற ஐயரவுங்களை மாத்தச் சொல்லி மேலிடத்துக்கு மனு. "டீச்சர், பாயிண்டெல்லாம் நாங்க சொல்லிருதோம், நீங்க கோர்வையா எழுதிக் குடுத்தா போதும், உங்க கையெழுத்து முத்து முத்தா இருக்கும்லா"ன்னாங்க. இப்பதான் எல்லாரும் டைப் அடிக்காங்களேன்னு கேட்டேன். கைப்பட எழுதினாத்தான் சபை ஜனங்க மனு மாதிரி இருக்குமாம்.

எழுத மாட்டேன்னு சொல்லிட்டேன். வீரமா ஒண்ணும் பேசல, கண்ணாடி பவர் மாறிடுச்சு, எழுத முடியல, அது இதுன்னு முதல்ல சாக்குதான் சொன்னேன், அவுங்க விடாம கேட்கவும்தான் "எனக்கு இதுல இஷ்டம் இல்ல"ன்னு வாயில வந்துச்சு. அவுங்க போனப்புறம் டம்ளரைக் கழுவப் போனா கை நடுங்குது.

ஏன்னா போன தடவை, உங்களை மாத்தச் சொல்லிப் போன மனுவை எழுதினது நான்தான் ஐயா.

உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். சண்டே ஸ்கூல் டீச்சர்மாரோட பாடக்குறிப்பு நோட்டை மாசாமாசம் சிவப்பு மையில திருத்தினவரு நீங்க, என் 'ழ' எப்படி சுழியும்னு என் அம்மாவைவிட உங்களுக்கு நல்லாத் தெரியும். அந்த மனுவை உங்க முன்னாடி நீட்டி விளக்கம் கேட்டிருப்பாங்கல்லா, அப்ப முதல் வரியிலயே உங்களுக்குப் புரிஞ்சிருக்கும். 22 வருஷமா நீங்க யார்கிட்டயும் சொல்லல. எங்க வீட்டுக்காரங்களுக்கே நான் போன வாரம்தான் சொன்னேன்.

மனுவுல மூணு பாயிண்ட். திருச்சபை குறிச்ச ஞாயிறு தலைப்பின்படி பிரசங்கிக்காம இஷ்டத்துக்கு பைபிள்ல ஒரே புஸ்தகத்தை, ஆமோஸ் தீர்க்கதரிசி புஸ்தகத்தை, மாசக்கணக்கா இழுக்கார், ஒண்ணு. பிரசங்கம் நாற்பது நிமிஷம் போகுது, ரெண்டு. இது ரெண்டும் உண்மைதான், நீங்களே ஒத்துக்குவீங்க. (கால்டுவெல் இடையன்குடி கோயிலைக் கட்டி முடிக்க 1847ல இருந்து 1880 வரைக்கும் 33 வருஷம் ஆச்சு, அந்த ஜனம் பொறுத்திருந்துச்சு, நீங்க நாற்பது நிமிஷம் உட்கார மாட்டீங்களான்னு ஒரு தடவை பீடத்துல இருந்தே கேட்டீங்க. சிரிச்சோம். சிரிச்சுட்டு வாட்ச்சைப் பார்த்தோம்.) மூணாவது பாயிண்ட்தான். "தனிப்பட்ட குடும்பங்களைக் குறிவைத்து, சொந்த விரோதத்தைப் பீடத்திலிருந்து பேசுகிறார்." இது பொய். எழுதும்போதே பொய்னு தெரியும். முந்தின வாரம் வரைக்கும் நீங்க முதல் அதிகாரத்துல இருந்தீங்க, அடுத்த வாரம் ரெண்டாம் அதிகாரம் வரத்தானே செய்யும், அது எனக்கு மூணாவது ஓலை, அதான் கோயில்ல கல்யாண அறிவிப்பு, வாசிக்கிற ஞாயிறா அமைஞ்சதுக்கு நீங்க என்ன பண்ணுவீங்க. அப்பா சொல்லச் சொல்ல எழுதினேன், "ஏட்டி, விரோதம்னு போடு"ன்னாங்க, போட்டேன். இருபத்தாறு வயசுல ஒரு பொண்ணு அப்பா முன்னாடி வேற என்ன செய்ய முடியும்னு ரொம்ப வருஷம் எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். ஆனா பேனா என் கையிலதான இருந்துச்சு. அதுவும் போக, சும்மா சொல்லக்கூடாது, அன்னைக்கு எனக்கும் உங்க மேல கோவம் இருந்துச்சு. பல்லைக் கடிச்சுக்கிட்டுத்தான் எழுதினேன்.

அந்த ஞாயிறு எனக்கு அப்படியே இருக்கு. பெண்கள் பக்கம் மூணாவது பெஞ்சு, அம்மா, சித்தி, நான். ஆண்கள் பக்கம் முதல் வரிசையில மாப்பிள்ளையோட அப்பாவும் பெரியப்பாவும், ஓலை வாசிக்கிறதைக் கேட்டுட்டு மத்தியானம் எங்க வீட்டுல சாப்பிட்டுப் போறதா ஏற்பாடு. நீங்க ரெண்டு பேர் பேரையும் வாசிச்சு, இதுக்குத் தடை சொல்ல யாருக்காவது காரணம் இருந்தா தெரிவிக்கலாம்னு சொன்னீங்க. சித்தி என் தொடையில கிள்ளினாங்க. கொஞ்ச நேரத்துல தடை பீடத்துல இருந்தே வரும்னு யாருக்குத் தெரியும்.

"என் வாயின் வார்த்தைகளும் என் இருதயத்தின் தியானமும்"னு ஜெபம் பண்ணிட்டு ஆரம்பிச்சீங்க. முதல்ல பழைய வாரங்களை ஒரு ஓட்டு ஓட்டுனீங்க. ஆமோஸ், தெக்கோவா ஊர்க்காரன், ஆடு மேய்க்கிறவன், காட்டத்திப்பழம் பொறுக்குறவன், நம்ம பக்கம் பனையை நம்பிப் பிழைக்கிறவன் மாதிரி ஒரு ஆளு, படிச்சு பட்டம் வாங்கினவன் கிடையாது, தெற்கே இருந்து வடக்கே போய் நின்னு பேசுதான். தமஸ்குவைத் திட்டுதான், ஜனம் ஆமென்ங்குது. காத்சா, ஆமென். தீரு, ஏதோம், அம்மோன், மோவாப், ஆமென் ஆமென். யூதா, சொந்தக்காரன்தான், இருந்தாலும் ஆமென். எட்டாவதா இஸ்ரவேல்னு வரும்போது ஒருத்தன் வாயும் திறக்கல. அதைச் சொல்லிட்டு நீங்களும் கொஞ்சம் நிறுத்துனீங்க. ஃபேன் சத்தம் மட்டும் கேட்டுச்சு. அப்புறம் வசனம், "நீதிமானைப் பணத்துக்கும், எளியவனை ஒரு ஜோடு பாதரட்சைக்கும் விற்றுப்போட்டார்களே". மூணு தடவை வாசிச்சீங்க, எப்பவும் அப்படித்தானே, மூணு தடவை. "அங்க ஒரு ஜோடு செருப்பு விலைக்கு ஆளை வித்தான். நம்ம ஊர்ல விலை கூட. பையன் இஞ்சினியர்னா ஒரு விலை, கவர்மெண்ட் உத்தியோகம்னா ஒரு விலை. ஆனா ஒரு வித்தியாசம், அங்க விக்கிறவன் காசு வாங்கினான், இங்க பொண்ணையும் குடுத்து காசையும் குடுக்கோம்." அவ்வளவுதான். எங்க வீட்டுப் பக்கம் நீங்க திரும்பக்கூட இல்ல. வரதட்சணைங்கிற வார்த்தையைச் சொல்லல. சொல்ல வேண்டியதே இல்ல, எங்க அம்பது பவுனும் மூணு லட்சமும் பாதி விளை நிலத்தை வித்து வந்ததுன்னு கோயில்ல எல்லாருக்கும் தெரியும்.

ஆசீர்வாதம் முடிஞ்சு வெளிய வந்தா நடையில செருப்புக் கும்பல். நூறு ஜோடி கிடக்கும். எப்பவும் பேசிச் சிரிச்சுக்கிட்டே காலால துழாவி எடுப்போம், அன்னைக்கு எல்லாரும் குனிஞ்சுக்கிட்டே தேடுதாங்க, ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்கல. கல்யாணத்துக்குன்னு திருச்செந்தூர்ல வாங்கின புதுச் செருப்பை அன்னைக்குத்தான் முதல் தடவை போட்டிருந்தேன். அதைக் காலுல மாட்ட முடியல ஐயா. கையில எடுத்துக்கிட்டு தேரி மணல்ல வெறுங்காலோட வீட்டுக்கு நடந்தேன், அம்மா பின்னாடியே "போட்டுக்கிடு, போட்டுக்கிடு"ன்னு வந்தாங்க. இப்பவும் கோயிலுக்குப் போகும்போது ரப்பர் செருப்புதான் போடுவேன், பழக்கமாயிட்டு.

சாப்பாட்டை முடிச்சுட்டுத்தான் போனாங்க. மூணு நாள் கழிச்சு தரகர் மூலமா சொல்லி அனுப்பினாங்க, பொண்ணு வீட்டுக்காரங்களே ஐயரைத் தூண்டிவிட்டு எங்களை அசிங்கப்படுத்திட்டாங்க, சம்பந்தம் வேண்டாம்னு.

அதுக்கப்புறம் நான் பட்டது உங்களுக்குத் தெரியாது. நீங்கதான் அடுத்த மே மாசமே மாறிப் போயிட்டீங்களே. முப்பத்திமூணு வயசுலதான் எனக்குக் கல்யாணம் ஆச்சு. ஏழு வருஷம் கொயர்ல நின்னுக்கிட்டு மத்த பிள்ளைகளோட ஓலையைக் கேட்டேன். நல்லவேளை தப்பிச்சன்னு ஆறுதல் சொல்றவுங்க உண்டு. எதுல இருந்து தப்பிச்சேன்? அந்தப் பையன் நல்லவரு ஐயா, யாரையும் குறை சொல்றதுக்கு இல்ல, இன்னைக்கும் குடும்பமா நல்லா இருக்காங்க. கெட்டவரா இருந்திருந்தா எனக்கு லேசா இருந்திருக்கும். (இதுக்கு மேல இதைப் பத்தி எழுத மாட்டேன், எங்க வீட்டுக்காரங்க படிப்பாங்க. எங்க கல்யாணத்துக்கு ஒரு பைசா கேட்காதவுங்க அவுங்க, அதை மட்டும் பொதுவுல சொல்லிக்கிறேன்.)

சத்தியத்தைப் பேசினவரு நீங்க, அதுக்கு விலை குடுத்தது நான். இதை நான் ஜெபத்துலயே கர்த்தர்கிட்ட கேட்டிருக்கேன், ஐயரவுங்களுக்கு ஒரு டிரான்ஸ்பர், எனக்கு ஏழு வருஷம், இது என்ன கணக்குன்னு. அந்த வாரம் புதன்கிழமை நீங்க எங்க வீட்டுக்கு வந்தீங்க. அப்பா உட்காருங்கன்னு சொல்லல. திண்ணைப் பக்கமா நின்னுக்கிட்டே ஜெபம் பண்ணுனீங்க, நான் கதவுக்குப் பின்னாடி நின்னு கேட்டேன், பிள்ளையை ஆதரியும் ஆண்டவரேன்னு சொன்னீங்க. ஆதரிக்கச் சொன்னீங்க, சரி. "மக்கா, உனக்குக் கஷ்டமாப் போச்சே"ன்னு என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? வசனத்துக்கு மன்னிப்புக் கேட்க வேண்டாம், நான் அதைக் கேட்கல.

சரி. திட்டுறதுக்கு இதை ஆரம்பிக்கல.

மனு போனப்புறம் ஒரு ராத்திரி தூக்கம் வரல. உங்க மேல ஒரு தப்பாவது கண்டுபிடிக்கணும்னு வைராக்கியத்துல பைபிளை எடுத்து ஆமோஸை முதல்ல இருந்து வாசிச்சேன். சத்தியமா அதுவரைக்கும் ஒரு புஸ்தகத்தை நான் முழுசா வாசிச்சது கிடையாது. வருஷம் பிறக்கிற ராத்திரி ஆராதனையில குடுக்கிற வாக்குத்தத்த அட்டைதான் எனக்கு பைபிள். அதுலயும் நீங்க ஒரு வருஷம் உங்க கைப்பட எழுதின அட்டைகளைக் கலந்துவிட்டீங்க, "உங்கள் வழிகளைச் சிந்தித்துப்பாருங்கள்"னு ஆகாய் வசனம் எங்க அத்தைக்கு வந்து, அவுங்க அதை மாத்திக் கேட்டு வெஸ்ட்ரி வாசல்ல நின்னது ஞாபகம் இருக்கா? நீங்க மாத்திக் குடுக்கல.

வாசிச்சுக்கிட்டே ஏழாம் அதிகாரத்துக்கு வந்தேன். பத்தாம் வசனம். பெத்தேல் கோயில் ஆசாரியன் அமத்சியா, ராஜா யெரொபெயாமுக்கு ஆள் அனுப்புதான், ஆமோஸ் உமக்கு விரோதமா கட்டுப்பாடு (சதி) பண்ணுதான், இவன் பேச்சை தேசம் தாங்காதுன்னு. அப்புறம் ஆமோஸ்கிட்ட, நீ யூதா தேசத்துக்கு ஓடிப்போ, அங்க போய் பிழைச்சுக்கோ, இங்க பேசாதங்குதான். மனு. டிரான்ஸ்பர் கேட்டு மனு. 'விரோதம்'ங்கிற வார்த்தை உட்பட அதுல இருக்கு. லைட்டை அணைச்சுட்டு இருட்டுல உட்கார்ந்திருந்தேன், அப்பா எழுந்து வந்து என்னட்டின்னு கேட்டாங்க, வயித்துவலின்னு சொன்னேன்.

அன்னையில இருந்து ஒவ்வொரு ஞாயிறும் பயம். அதிகாரத்துக்கு நாலஞ்சு வாரம்னு நீங்க வந்துக்கிட்டே இருக்கீங்க, மூணு, நாலு, அஞ்சு. டிரான்ஸ்பர் ஆர்டர் வந்தாச்சு. கடைசிக்கு முந்தின ஞாயிறு ஆறாம் அதிகாரத்தை முடிச்சீங்க. கடைசி ஞாயிறு ஏழு. கோயில் நிறைஞ்ச கூட்டம், நான் தூணுக்குப் பின்னாடி உட்கார்ந்திருந்தேன், இன்னைக்கு என்னை உரிச்சுத் தொங்கவிடப் போறாங்கன்னு. நீங்க 121ம் சங்கீதத்தை எடுத்தீங்க. பன்னிரண்டு நிமிஷம். பர்வதங்கள், ஒத்தாசை, உன் போக்கையும் வரத்தையும் காப்பார்னு சொல்லிட்டு இறங்கிட்டீங்க. வெளிய வந்து எல்லாரும், மனுவுல கையெழுத்துப் போட்டவுங்க உட்பட, ஐயரவுங்க பிரசங்கத்துலயே இதுதான் பெஸ்ட்னு சொன்னாங்க. எனக்கு மட்டும்தான் தெரியும் நீங்க எதைத் தாண்டினீங்கன்னு.

அப்ப உங்களுக்குத் தாண்டவும் தெரியும். இதுதான் ஐயா இத்தனை வருஷமா எனக்கு ஆறாம இருக்கிற விஷயம். என் கையெழுத்தை மறைக்கிறதுக்கு ஒரு அதிகாரத்தைத் தாண்டுனீங்க, என் கல்யாணத்துக்காக ஒரு வாரம், ஒரே ஒரு வாரம் தாண்டியிருக்கக்கூடாதா? இதையும் கேட்டுட்டு, ரெண்டாம் அதிகாரத்தை அன்னைக்கு நீங்க தாண்டாததுக்கு நன்றியும் சொல்லணும்னு உட்கார்ந்திருக்கேன், ஏன்னா அதுக்குப் பிறகு எத்தனையோ பிரசங்கம் கேட்டாச்சு, ஆசீர்வாதம், இரட்டிப்பு, உயர்வு, எல்லாம் கேட்கும்போது நல்லாத்தான் இருக்கு, வாசல்ல செருப்பைத் தேடும்போது ஒரு வரி ஞாபகம் இருக்காது. நீங்க சொன்னதுல நான் விரும்பாதது ஒண்ணொண்ணும் ஞாபகம் இருக்கு. போன வருஷம் எங்க தம்பி மகன் கல்யாணப் பேச்சுல 'அன்பளிப்பு'ன்னு ஒரு வார்த்தை வந்துச்சு, நான் எழுந்து வெளிய வந்துட்டேன். பெருமைக்குச் சொல்லல. வெளிய வரத்தான் தெரிஞ்சுது, உள்ள இருந்து பேச எனக்கு தைரியம் வரல.

இப்ப இருக்கிற ஐயரவுங்க என்ன பேசினதுக்கு இந்த மனுன்னு நான் எழுதப் போறதில்ல. சின்ன வயசு, உங்க அளவுக்குப் பேச்சு வராது, தமிழே கொஞ்சம் தடுமாறும். ஆனா வசனத்தை மூணு தடவை வாசிக்காரு.

மன்னிச்சிருங்க ஐயா. மூணாவது பாயிண்டுக்கு.

கிறிஸ்மஸ் முடிஞ்சு பாளையங்கோட்டைக்கு வருவேன், பள்ளிக்கூடம் லீவு. ஐயரம்மாவுக்கு கருப்பட்டி கொண்டாரலாம்னு இருந்தேன், சுகர்னு கேள்விப்பட்டேன், அதனால பனங்கிழங்கு கொண்டாரேன். நான் வந்தா என்கிட்ட மனுவைப் பத்தி ஒண்ணும் கேட்க வேண்டாம், பரவாயில்ல மகளேன்னும் சொல்ல வேண்டாம். ஏழாம் அதிகாரம் பத்தாம் வசனத்துல இருந்து பாக்கி இருக்கு. பைபிளை எடுத்து வச்சுக்கிடுங்க, நாற்பது நிமிஷம் ஆனாலும் சரி, நான் உட்கார்ந்திருப்பேன்.

இப்படிக்கு,
உங்க பழைய சண்டே ஸ்கூல் டீச்சர்