தாத்தாவின் சேமிப்புப் புத்தகம்

சுங்கை சிப்புட்,
ஞாயிறு காலை.

அன்புள்ள பாப்பா,

நேற்று ராத்திரி பத்தரை மணிக்கு நீ சிங்கப்பூரிலிருந்து போன் செய்து, "அப்பா, அந்த பேங்க் முழுகப் போகுதாமே, நம்ம காசு என்ன ஆகும்?" என்று கேட்டாய். நான் "ஒன்னும் ஆகாதும்மா, தூங்கு" என்று சொல்லி வைத்துவிட்டேன். அப்புறம் எனக்குத்தான் தூக்கம் வரவில்லை. இதே கேள்வியை உன் தாத்தா என்னிடம் கேட்டபோதும் நான் இதே பதிலைத்தான் சொன்னேன். அன்றைக்கு அது தப்பான பதில். இன்றைக்கு அது சரியான பதில்தான். ஏன் சரி என்பதைப் போனில் சொல்லி முடியாது, அதனால் எழுதுகிறேன்.

வாட்ஸ்அப்பில் வந்த அந்தச் செய்தியை உன் அம்மாவின் போனில் நானும் பார்த்தேன். யார் எழுதினார்கள் என்று பெயர் இல்லை, தேதியும் இல்லை. அதை யாருக்கும் அனுப்பாதே. ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

முதலில் தாத்தா கதை. உனக்குப் பாதிதான் தெரியும். தாத்தா முப்பது வருஷத்துக்கு மேல் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிப் பால் எடுத்தவர். விடியற்காலை ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்கு நின்று, மழை நாளில் வேலை இல்லாமல் திரும்பி, அப்படிச் சேர்த்த காசு. 1986-இல் அவரிடம் 3,200 மலேசிய ரிங்கிட், நம் பேச்சில் வெள்ளி, இருந்தது. தோட்டத்து லயத்து வீடுகளில் அது பெரிய தொகை. டவுனில் ஒரு கூட்டுறவுச் சங்கம் பேங்கைவிடக் கூடுதல் வட்டி கொடுத்தது. வாசலில் நல்ல பெயர்ப்பலகை, உள்ளே கண்ணாடி மேசை, கையில் ஒரு சேமிப்புப் புத்தகம். தாத்தாவுக்கு அதுவும் பேங்க்தான். எனக்கும் அப்படித்தான் தெரிந்தது. அப்போது நான் தோட்ட ஆபீசில் கணக்கு எழுதுகிற சின்னக் கிராணி. ஆங்கிலம் படித்த பிள்ளை என்று என்னைக் கேட்டுவிட்டுத்தான் அவர் அங்கே பணம் போட்டார். இதை நான் இதுவரை உன்னிடம் சொன்னதில்லை.

அந்த வருஷம் நடுவில், வைப்புப் பணம் வாங்கிய கூட்டுறவுச் சங்கங்கள் நாடு முழுக்கச் சரிய ஆரம்பித்தன. நாட்டின் மத்திய வங்கியான பேங்க் நெகாரா தலையிட்டு 24 சங்கங்களை முடக்கியது. ஐந்து லட்சம் பேருக்கு மேல் போட்டிருந்த ஏறக்குறைய 150 கோடி வெள்ளி மாட்டிக்கொண்டது. நாங்கள் போன அன்றைக்குக் கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. வெளியே வரிசை ரோட்டைத் தாண்டிப் போனது. கைக்குழந்தையோடு வந்த பெண்கள், மீன் மார்க்கெட்டிலிருந்து நேரே வந்தவர்கள், ரப்பர் பூட்ஸ் கழற்றாமல் வந்தவர்கள். தாத்தா அந்தப் புத்தகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நாலு மணி நேரம் வெயிலில் நின்றார். பேசவே இல்லை. வீட்டுக்கு வந்த பிறகுதான், "காசு வருமாய்யா?" என்று கேட்டார். "வரும்பா, ஒன்னும் ஆகாது" என்றேன். எனக்கு எதுவும் தெரியாமல் சொன்னேன்.

வருஷக்கணக்கில் இழுத்து, கொஞ்சம் ரொக்கமாகவும் மீதிக்கு ஏதோ பத்திரமாகவும் கொடுத்தார்கள். அதற்குள் உன் அத்தை கல்யாணத்துக்குப் பாட்டியின் சங்கிலி போய்விட்டது. அந்தச் சங்கத்துக்குப் பின்னால் நின்று "உன் காசுக்கு நான் பொறுப்பு" என்று சொல்ல அன்றைக்கு ஒருவரும் இல்லை.

இன்றைக்கு இருக்கிறார்கள். பேங்க் வாசல் கண்ணாடியில் சின்னதாக ஒரு ஸ்டிக்கர் பார்த்திருப்பாய், பி.ஐ.டி.எம். என்று போட்டிருக்கும். மலாயில் பெர்பாடானான் இன்சூரான்ஸ் டெப்போசிட் மலேசியா. நம் பேச்சில் வைப்புத்தொகைக் காப்புறுதிக் கழகம் என்று சொல்லலாம். அரசாங்கம் சட்டம் போட்டு 2005-இல் ஏற்படுத்தியது. பேங்க் நொடித்துப் போனால், ஒரு ஆளுக்கு ஒரு பேங்கில் 250,000 வெள்ளி வரைக்கும் இந்தக் கழகம் திருப்பித் தரும். நாம் எங்கேயும் பதிய வேண்டாம், ஒரு காசும் கட்ட வேண்டாம். கணக்கு திறந்த நிமிஷமே காப்புறுதி வந்துவிடும். சந்தாவை பேங்குகள்தான் வருஷா வருஷம் கட்டுகின்றன. அதிலும், ஆபத்தான முறையில் தொழில் செய்கிற பேங்க் கூடுதலாகக் கட்ட வேண்டும். அந்த ஏற்பாடு எனக்கு ரொம்பப் பிடித்தது.

தொடக்கத்தில் இந்த வரம்பு 60,000 வெள்ளிதான். 2008 அக்டோபரில் உலகம் முழுக்கப் பணம் ஆட்டம் கண்டபோது, எல்லா வைப்புத் தொகைக்கும் அரசாங்கமே முழு உத்தரவாதம் கொடுத்தது. 1998 ஜனவரியில், ஆசிய நெருக்கடி நேரத்திலும் அப்படித்தான் செய்தார்கள். 2010 கடைசியில் அந்த முழு உத்தரவாதம் முடிந்தபோது வரம்பை 250,000 ஆக உயர்த்தினார்கள். கழகம் தொடங்கிய நாளிலிருந்து அதன் உறுப்பு பேங்க் ஒன்றுகூட நொடித்துப் போகவில்லை. வணிக பேங்க், இஸ்லாமிய பேங்க், வெளிநாட்டு பேங்குகளின் மலேசிய நிறுவனங்கள் எல்லாமே கட்டாய உறுப்பினர்கள். போனிலேயே கணக்கு திறக்கிற புது டிஜிட்டல் பேங்குகளும் சேர்த்தி.

இப்போது அந்த வாட்ஸ்அப் செய்திக்கு வருகிறேன். எந்த பேங்கும் நாம் போட்ட காசைப் பெட்டியில் பூட்டி வைப்பதில்லை. வீட்டுக் கடன், கார் கடன் என்று வெளியே விட்டிருக்கும். அன்றாடம் கேட்பவர்களுக்குக் கொடுக்கிற அளவு கையில் இருக்கும். எல்லோரும் ஒரே நாளில் போய் நின்றால் நல்ல பேங்கும் தாங்காது. 2023 மார்ச்சில் அமெரிக்காவில் சிலிக்கான் வேலி பேங்கிலிருந்து ஒரே நாளில் 4,200 கோடி டாலர் வெளியே போனது. மறுநாள் பேங்க் மூடியது. அங்கேயும் காப்புறுதி உண்டு, 250,000 டாலர் வரை. ஆனால் அந்த பேங்கில் இருந்த பணத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் வரம்பைத் தாண்டிய பணம். அதனால்தான் அப்படி ஓடினார்கள். தன் காசு பத்திரம் என்று தெரிந்தவன் வரிசைக்கு ஓட மாட்டான், வரிசை இல்லாவிட்டால் பேங்கும் நிற்கும். அன்றைக்குத் தாத்தா பின்னால் நின்ற அத்தனை பேரும் நினைவுக்கு வருகிறார்கள். அவர்களுக்கு ஓடுவதைத் தவிர வழி இல்லை. உனக்கு இருக்கிறது, அதனால் அந்தச் செய்தியை அழித்துவிடு.

சரி, நம் வீட்டுக் கணக்கு. இதை நீ தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும்.

இ.பி.எஃப். என்கிற ஊழியர் சேமநிதிப் பணம் 190,000, தாத்தாவின் துண்டு நிலம் விற்றது 110,000. மொத்தம் 300,000 வெள்ளியையும் போன வருஷம் ஒரே பேங்கில் எஃப்.டி., அதாவது நிரந்தர வைப்பாகப் போட்டுவிட்டேன். இரண்டு கிளையில், மூன்று ரசீதாகப் போட்டதால் பிரித்துவிட்டதாக நினைத்தேன். அது தப்பு. எத்தனை கிளை, எத்தனை கணக்கு என்பது கணக்கே இல்லை. ஒரே பேங்கில் என் பெயரில் இருப்பதையெல்லாம் ஒன்றாகக் கூட்டித்தான் பார்ப்பார்கள். வட்டியும் அந்த 250,000-க்குள் அடக்கம். அப்படியானால் 50,000 வெள்ளியும் வட்டியும் கூரைக்கு வெளியே நனைந்துகொண்டிருந்தது. ரசீது முதிர்ந்த அன்றைக்கே போய் மாற்றினேன். 230,000 அதே பேங்கில் என் பெயரில் இருக்கிறது, வட்டிக்கும் இடம் விட்டு. 40,000 வேறு பேங்கில். மீதி 30,000 பழைய பேங்கிலேயே அம்மாவும் நானும் சேர்ந்த கூட்டுக் கணக்கில். கூட்டுக் கணக்குக்குத் தனி வரம்பு உண்டு. இஸ்லாமிய முறை வைப்புக்கும் தனி வரம்பு உண்டு, அதை யார் வேண்டுமானாலும் திறக்கலாம்.

அன்றைக்குக் கவுண்டரில் இருந்த பெண் நம் பிள்ளைதான், நல்ல மாதிரி. "அங்கிள், அந்த 40,000-ஐ யூனிட் டிரஸ்டில் போடுங்க, எஃப்.டி.யை விடக் கூட வரும்" என்றது. யூனிட் டிரஸ்ட் என்றால் பலர் காசைச் சேர்த்து முதலீடு செய்கிற திட்டம். "அதுக்கு பி.ஐ.டி.எம். உண்டா?" என்று கேட்டேன். இல்லை என்று நேராகச் சொன்னது. அந்த ஒரு கேள்வியை 1986-இல் கேட்க எனக்குத் தெரியவில்லை, அப்போது கேட்பதற்கு அப்படி ஒன்று இருக்கவும் இல்லை. பேங்க் கட்டடத்துக்குள் விற்கிறார்கள் என்பதற்காக எல்லாம் வைப்பு ஆகிவிடாது. யூனிட் டிரஸ்ட், பங்கு, தங்க முதலீட்டுக் கணக்கு, இஸ்லாமிய பேங்கின் முதலீட்டுக் கணக்கு, எதற்கும் இந்தக் காப்பு கிடையாது. வாங்கக் கூடாது என்று சொல்லவில்லை. உன் வயதில் கொஞ்சம் வாங்கலாம். ஆனால் போனால் போகும் என்று தெரிந்து வாங்கு.

அரசாங்கத்தின் சேமிப்பு பேங்கான பேங்க் சிம்பானான் நேஷனல் இந்தக் கழகத்தில் உறுப்பினர் இல்லை. அம்மா பயப்பட வேண்டாம், அங்கே போடுகிற வைப்புக்கு அரசாங்கமே உத்தரவாதம். கூட்டுறவுச் சங்கங்களில் போடுவதற்கும் பி.ஐ.டி.எம். கிடையாது. அதற்காகச் சங்கம் என்றாலே தப்பு என்று நினைத்துவிடாதே. தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றுக்கொண்டிருந்த காலத்தில், 1960-இல் துன் சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். நம் ஜனங்கள் மாதம் பத்து வெள்ளி பத்து வெள்ளியாகக் கட்டித் தோட்டமே வாங்கினார்கள். பாட்டியும் அதில் பங்கு வாங்கினார். அது பங்கு. சொந்தக்காரராகச் சேர்வது வேறு, பத்திரமாக இருக்கட்டும் என்று வைப்பது வேறு. தாத்தாவுக்கு இந்த வித்தியாசத்தை யாரும் சொல்லித் தரவில்லை.

அம்மா பக்கத்து வீட்டு அக்காவோடு கட்டுகிற கூட்டு, அதாவது சீட்டு, பற்றியும் சொல்ல வேண்டும். அதைத் தொழிலாக நடத்தக் கூடாது என்று 1971-லேயே சட்டம் வந்துவிட்டது. அந்தச் சட்டத்தின் பெயரிலேயே நம் 'கூட்டு' என்ற சொல் இருக்கிறது. தலைவி ஓடிப்போனால் போய்க் கேட்க இடம் கிடையாது. மாதம் நூறு வெள்ளியோடு நிறுத்திக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன். நீயும் ஒரு வார்த்தை சொல், நான் சொன்னால் கோபம் வருகிறது.

இன்னொன்று. பேங்க் விழுந்தால்தான் இந்தக் காப்பு. போனில் ஏமாற்றி உன் கையாலேயே காசை அனுப்ப வைத்தால் பி.ஐ.டி.எம். தராது. இங்கே அப்படி நடந்தால் உடனே பேங்கின் அவசர எண்ணுக்கோ, மோசடிப் புகார் மையத்தின் 997-க்கோ அடிக்க வேண்டும். நேரம் போகப் போகக் காசு கை மாறிவிடும். அம்மாவின் போனுக்குப் பின்னால் அந்த நம்பரை எழுதி ஒட்டியிருக்கிறேன்.

இப்போது உன் விஷயம். சிங்கப்பூரில் இருக்கும் உன் காசுக்கு நம் கழகம் வராது, மலேசியாவில் போடுகிற வைப்புக்கு மட்டும்தான். மலேசிய பேங்கின் பெயர் போட்ட கிளையாக இருந்தாலும் அங்கே இருந்தால் அந்த ஊர் சட்டம்தான். அங்கே 2024 ஏப்ரல் 1 முதல் ஒரு ஆளுக்கு ஒரு பேங்கில் 100,000 சிங்கப்பூர் டாலர் வரை காப்பு. அதற்கு முன் 75,000. உன் சம்பளக் கணக்குக்கு அது தாராளமாகப் போதும். ஆனால் அந்தக் காப்பு சிங்கப்பூர் டாலரில் இருக்கும் வைப்புக்கு மட்டும். இங்கே வெளிநாட்டுப் பண வைப்புக்கும் காப்பு உண்டு, அங்கே கிடையாது. தீபாவளிக்கு வந்தபோது, வட்டி கூட வருகிறது என்று அமெரிக்க டாலரில் ஒரு கணக்கு திறந்ததாகச் சொன்னாயே, என் மனதில் இருப்பது அதுதான்.

பேங்க் புத்தகம், எஃப்.டி. ரசீதுகள் எல்லாம் சாமி அலமாரிக்குக் கீழே அந்த நீல பிஸ்கட் டின்னில் இருக்கின்றன. எது எந்த பேங்க், எவ்வளவு, எப்போது முதிரும் என்று ஒரு தாளில் எழுதி மேலே வைத்திருக்கிறேன். டின்னின் அடியில் தாத்தாவின் பழைய புத்தகமும் இருக்கும். அதில் ஒரு காசும் இல்லை, ஆனாலும் தூக்கிப் போட்டுவிடாதே. கடைசிப் பக்கத்தில் அவர் பென்சிலால் வட்டி போட்டுப் பார்த்த கணக்கு அப்படியே இருக்கிறது.

அடுத்த ஞாயிறு போன் செய்யும்போது அந்த டாலர் கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்று சொல். சனிக்கிழமை பசியாறிவிட்டு டவுனுக்குப் போகும்போது, உனக்கு அம்மா சுட்ட முறுக்கை போஸ்டில் போட்டுவிடுகிறேன்.

அன்புடன்,
அப்பா