நூறு ஆடு இல்லாதவர்கள் சார்பில் கால்நடை பராமரிப்புத் துறைக்கு ஒரு மடல்

கால்நடை பராமரிப்புத் துறை அதிகாரிகளுக்கு வணக்கம்.

திருப்பூர் மாவட்டம் மூலனூர் பக்கம் 12 ஏக்கர் கொறங்காட்டில், அதாவது வேலி போட்ட மேய்ச்சல் நிலத்தில், மேச்சேரி இனச் செம்மறி ஆடு வளர்க்கிறவள் நான். இன்றைய கணக்குக்குத் தாயாடு 31, கிடாய் 2. குட்டிகளை எண்ணிச் சொன்னால் கண் பட்டுவிடும் என்று மாமியார் திட்டுவார், அதனால் அதை விட்டுவிடுகிறேன்.

போன மாதம் மானியம் பற்றி விளக்கும் கூட்டம் ஒன்றுக்குப் போனேன். தேசிய கால்நடை இயக்கத்தில் ஆட்டுப் பண்ணை வைக்கச் செலவில் பாதி மானியம் என்றார்கள். முதலில் 500 பெட்டை, 25 கிடாய் இருந்தால்தான் என்று இருந்ததாம். இப்போது 100 பெட்டை, 5 கிடாய் வரை இறங்கி வந்திருக்கிறது. அதற்குக் கீழே திட்டம் கிடையாது. "முப்பது ஆட்டை வச்சுட்டு என்னம்மா பண்ணப் போறீங்க, நூறாக்குங்க" என்று ஒருவர் அன்பாகத்தான் சொன்னார். அவருக்கு அங்கேயே பதில் சொல்ல வரவில்லை. வீட்டுக்கு வந்துதான் யோசித்தேன்.

கொறங்காடு என்றால் சும்மா கிடக்கிற தரிசு இல்லை. சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப்புல், இடையிடையே வெள்வேல மரம். நிலத்தை நான்காகப் பிரித்து, ஒரு படலைத் திறந்தால் மற்ற மூன்றும் புல் ஏறட்டும் என்று மூடி வைப்போம். கோடையில் புல் காய்ந்து போனால் வெள்வேலங்காய் உதிரும். ஆடு அதைத் தின்று புழுக்கை போட்ட இடத்தில் அடுத்த மழைக்கு வெள்வேலங்கன்று முளைக்கும். மரம் நட யாரையும் கூப்பிட்டதில்லை. வருசத்துக்கு 600 மில்லிமீட்டர் பெய்தாலே நல்ல மழை என்று சொல்லும் ஊரில் எங்கள் அப்பிச்சி காலத்திலிருந்து இது இப்படித்தான் நடக்கிறது. இந்த 12 ஏக்கரில் நூறு ஆட்டை விட்டால் தை பிறக்கும் முன்னே வெறும் மண் தெரியும். அப்புறம் தரைக்கு மேலே பலகைத் தளமாகப் பரண் போட்டு, தீவனம் வாங்கிக் கட்டிப்போட்டு வளர்க்க வேண்டியதுதான். பரண் முறையைக் குறை சொல்லவில்லை, நிலம் இல்லாதவர்களுக்கு அது வழி. ஆனால் என் ஆட்டுக் கறிக்கு ருசி ஏறுவது அது நடந்து மேய்வதால். வேகக் கொஞ்சம் நேரம் பிடிக்கும் என்பதையும் மறைக்கவில்லை. குக்கரில் இரண்டு விசில் கூட வைக்கத்தான் வேண்டும்.

ஆக, மந்தையைப் பெரிதாக்க எனக்கு உதவி வேண்டாம். இருக்கிற முப்பது ஈனும் குட்டிகளை வளர்த்து ஒழுங்காக விற்க வழி வேண்டும்.

சந்தையில் என்ன நடக்கிறது என்று உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. வியாபாரி ஆட்டின் இடுப்பைப் பிடித்துப் பார்ப்பார், ஒரு தடவை தூக்கிப் பார்ப்பார், "பதினோரு கிலோ கறி நிக்கும்" என்பார். துண்டுக்குள் கையை விட்டு விரலால் விலை பேசி முடித்துவிடுவார்கள். போன ஆடிக்கு ஒரு கிடாயை ஓட்டிப் போகும்முன் வீட்டிலேயே தொங்கு தராசில் நிறுத்தேன். உயிர் எடை 27 கிலோ. செம்மறியில் உயிர் எடையில் ஏறக்குறையப் பாதி கறியாக விழும், அப்படிப் பார்த்தால் 13 கிலோவாவது இருக்க வேண்டும். சந்தையில் எல்லாரும் பதினொன்றில் நின்றார்கள். இரண்டு கிலோ கறி துண்டுக்குள்ளேயே போய்விட்டது. வியாபாரியைத் திட்டிப் பயனில்லை, கண் மதிப்புதான் அவர் தொழில். கேட்டால் "தராசு இருந்தா நிறுத்துக் காட்டுங்க" என்கிறார். அங்கே தராசு இல்லை. நுழைவுக் கட்டணம் வசூலிக்க மட்டும் காலையிலேயே ஆள் உட்கார்ந்திருக்கிறார்.

சரி, சந்தைக்குப் போகாமல் நேரடியாக விற்கலாமே என்பீர்கள். ஞாயிறு காலையில் இரண்டு ஆடு வெட்டினால் தாராபுரத்திலிருந்தும் திருப்பூரிலிருந்தும் வந்து வாங்கிப் போக ஆள் இருக்கிறது. பிரச்சினை வெட்டும் இடம். எங்களுக்குப் பக்கத்து டவுனில் ஆட்டுத்தொட்டி என்று ஒன்று இருக்கிறது. கூரை ஒழுகும், தண்ணீர்க் குழாயில் காற்றுதான் வரும், ஆட்டைப் பரிசோதிக்கக் கால்நடை டாக்டர் வருவதில்லை. கடைக்காரர்கள் சாக்கடை ஓரத்திலேயே வெட்டிக்கொள்கிறார்கள். எட்டு மாதம் வெயிலில் காவலிருந்து வளர்த்த ஆட்டை அங்கே அறுக்க எனக்கு மனசு வரவில்லை.

சட்டம் எங்களுக்கு எதிராக இல்லை, அதுதான் வேடிக்கை. உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2011 விதிகளில் ஒரு நாளைக்கு 10 ஆடு வரை அறுக்கும் இடம் சிறு உணவுத் தொழில் கணக்கில் வருகிறது. உரிமம் தேவையில்லை, பதிவு போதும். அறுவைக் கூடங்களுக்கான 2001 விதிகளில் ஒரு கால்நடை மருத்துவர் மணிக்கு 12 ஆட்டுக்கு மேல் பரிசோதிக்கக் கூடாது என்று இருக்கிறது. அந்தக் கணக்கில் பத்து ஆடு என்றால் ஞாயிறு விடிகாலையில் டாக்டருக்கு ஒரு மணி நேர வேலைகூட இல்லை. ஒரு சிமென்ட் மேடை, மாட்டித் தொங்கவிடக் கொக்கிகள், ஓடும் தண்ணீர், ரத்தம் போக மூடிய குழி, டாக்டர் கையில் ஒரு முத்திரை. ஒரு பேரூராட்சிக்கு ஒன்று என்று ஆரம்பியுங்கள் போதும். முத்திரையில் ஊர்ப் பெயரும் இருக்கட்டும். இப்போது லாரியில் ஆந்திராவிலிருந்து வரும் ஆட்டுக்கும் "மேய்ச்சல் ஆடு" என்று போர்டு எழுதிவிடுகிறார்கள். வாங்குகிறவர் எதைப் பார்த்து நம்புவார்?

நீங்கள் ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். ஆட்டுக்கொல்லி நோய்க்கு இலவசமாக ஊசி போடுகிறீர்கள். கால்நடைப் பல்கலைக்கழகத்தின் பொட்டனேரி ஆட்டு ஆராய்ச்சி நிலையம் இல்லையென்றால் மேச்சேரி இனம் எத்தனையோ கலப்பில் கரைந்திருக்கும். ஆனால் இனத்தைக் காப்பாற்றிவிட்டு அதை மேய்க்கிறவர் கைவிட்டுப் போனால் என்ன பயன்? பக்கத்துத் தோட்டத்துக்காரர் பட்டியைக் கலைத்துவிட்டுச் சூரிய மின்தகட்டுக்கு நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை, ஒரே ராத்திரியில் தெருநாய்கள் அவர் பட்டியில் ஒன்பது ஆட்டைக் கடித்துப் போட்டன. காங்கயம், வெள்ளகோவில் பக்கம் செத்த ஆடுகளோடு ரோட்டில் உட்கார்ந்தவர்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அது தனி மடலுக்கான விஷயம்.

தீபாவளிக்கு எங்கள் பட்டியில் விற்கிற பருவத்தில் நான்கு கிடாய் நிற்கும். இந்தத் தடவை தொங்கு தராசைச் சாக்கில் போட்டுச் சந்தைக்கே எடுத்துப் போகிறேன். வேப்பமரத்தில் கட்டி எல்லாரும் பார்க்க நிறுப்பேன். உங்கள் ஆட்கள் யாராவது வந்து நின்று பார்த்தால் நல்லது.

இப்படிக்கு,
மூலனூர் பக்கத்துப் பட்டிக்காரி